ஸ்பீக்கரைத் தேடிய குட்டி

நாய்க்குட்டி வேண்டும் என்று அக்கா கேட்டது ஆசையில் அல்ல. உள்ளங்கையில் தையல் போட்டு, கட்டுக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து கேட்டாள்.

அக்காவின் தொழில் படங்களுக்குச் சட்டம் போடுவது. கடையின் முன்னறையில் ஒரு மேசை, சுவர் முழுக்க மாதிரிச் சட்டங்கள். பின்னறையில் கண்ணாடி அறுக்கும் பலகை, பசை, ஆணி, மரத்தூள். வருகிறவர்கள் மேசைமேல் இருக்கும் மணியைத் தட்டிவிட்டு நிற்க வேண்டும் என்பது பல வருட ஏற்பாடு. ஆனால் அக்காவின் காது கொஞ்சம் கொஞ்சமாக அவளைக் கைவிட்டுக்கொண்டே வந்து, இப்போது மணி என்ன, மணியைத் தட்டுகிற ஆளே தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது என்று ஆகிவிட்டது. காதுமெஷின் வைத்துப் பார்த்தாள். இரைச்சலைத் தவிர அது எதையும் கொடுக்கவில்லை. மணிக்குப் பதில் எரிந்து அணைகிற விளக்கு மாட்டிப் பார்த்தார்கள். கண்ணாடி அறுக்கிறவள் கோட்டை விட்டுக் கண்ணை எடுப்பாளா? விளக்கு அதுபாட்டுக்கு எரிந்தது, அதுபாட்டுக்கு அணைந்தது.

அப்படித்தான் ஒரு நாள், மணியைத் தட்டித் தட்டி அலுத்துப்போன ஒருவர் பின்னறைக்கே வந்து, குனிந்து அறுத்துக்கொண்டிருந்தவளின் தோளைத் தொட்டுவிட்டார். பாவம், மரியாதையாகத்தான் தொட்டார். அக்கா தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள். கண்ணாடி கையோடு வந்தது.

"போதும், கடையை மூடிட்டுச் சின்னவ வீட்டுல போய் இரு" என்றாள் வேறு ஊரில் இருக்கும் அம்மா. அக்காவுக்குப் போனில் கேட்காது என்பதால், அக்காவைத் திட்டுவதையும் சின்னவளிடம்தான் திட்டுவாள். அதை எதிரே நின்று அப்படியே திருப்பிச் சொன்ன தங்கையின் வாயசைவில் படித்துவிட்டு அக்கா சொன்னாள்.

"ஒரு நாய் குடுங்க. யாராவது வந்தா அது வந்து என் காலைத் தொட்டுச் சொல்லட்டும். நாய் சொல்லியும் சரிப்படலேன்னா நானே மூடறேன்."

மழைக்காலம் முடிகிறவரை பார்க்கலாம் என்று அம்மா தவணை கொடுத்தாள். தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு கிடக்கும் கடையில் கண்டதை வாயில் போடுகிற குட்டியை விட முடியாது. அதனால் முதல் கொஞ்ச நாள் தங்கை வளர்த்துப் பழக்கித் தருவதாக முடிவாயிற்று. இங்கேதான் வந்தது வினை.

தங்கையை வேலை செய்கிற இடத்தில் எல்லோரும் சத்தக்காரி என்பார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். படங்களுக்குச் சத்தம் சேர்ப்பது அவள் வேலை. திரையில் யாரோ பனியில் நடந்தால், இவள் மாவு அடைத்த பையைப் பிசைவாள். புறா பறந்தால் பழைய தோல் கையுறையை உதறுவாள். எலும்பு முறிந்தால் ஒரு கேரட்டுக்கு ஆயுள் முடியும். வீட்டிலேயே ஓர் அறையை, சுவருக்கெல்லாம் பஞ்சு அட்டை ஒட்டி, கனத்த கதவு போட்டு, வெளியே இடி விழுந்தாலும் உள்ளே தெரியாதபடி வைத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டே பாதி நாளைக் கழிக்கிற பெண். தெருவில் எதிரே வருகிற தெரிந்தவர்களைக்கூட முகத்தால் அல்ல, செருப்புச் சத்தத்தால்தான் கண்டுபிடிப்பாள்.

குட்டி ஒரு துண்டில் சுற்றி வந்து சேர்ந்ததால் பொட்டலம் என்று பெயர் வைத்தார்கள். பழுப்பு நிறம், காது இரண்டும் அளவெடுக்காமல் தைத்ததுபோல் பெரிசு. முதல் ஊசிக்குக் கொண்டுபோனபோது நாய் டாக்டர் அதன் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மூணு, மூணரை மாசம் வரைக்கும்தான் இதுங்களுக்குப் புதுசெல்லாம் வேடிக்கை. அதுக்கப்புறம் புதுசெல்லாம் சந்தேகம். ஊசி முடியற வரைக்கும் தெருத் தரையில விடாதீங்க, சீக்கு ஒட்டும். அதுக்காகப் பூட்டியும் வெச்சிடாதீங்க. இப்பவே உலகத்தைப் பழக்கிடுங்க."

"அதை என்கிட்ட விடுங்க டாக்டர்" என்றாள் சத்தக்காரி, வாயெல்லாம் பல்லாக. உலகம்தானே? அவளிடம் உலகமே இருந்தது. அலமாரி அலமாரியாகப் பதிவு செய்து வைத்திருந்தாள்.

அன்றைக்கே பாடம் ஆரம்பமாயிற்று. பஞ்சு அறையில் மெத்தை போட்டு, கதவுக்கு இடது பக்க மூலையில் தரையில் ஸ்பீக்கரை வைத்தாள். காலையில் மெல்லிய தூறல், மாலையில் மழை, மறுநாள் இடி. பிறகு மோட்டார் சைக்கிள், பேருந்து, குழந்தை அழுகை, பாத்திரம் விழுவது, கூட்டம், சண்டை, ரயில். அவசரப்படவில்லை; முதலில் காதில் விழுந்தும் விழாமலும் சின்னதாக, அப்புறம் படிப்படியாக. முதல் இடிக்குப் பொட்டலம் மெத்தைக்கு அடியில் புகுந்தது. அடுத்த இடிக்குத் தலையைத் தூக்கிப் பார்த்தது. அதற்கடுத்த இடியில் கொட்டாவி விட்டது. அந்தக் கொட்டாவியைப் பார்த்தபோது சத்தக்காரிக்கு வந்த பெருமையைச் சொல்லி மாளாது.

அதோடு நின்றாளா? அக்கா கடைக்குப் போய், மேசை மணியைக் கிட்டேயிருந்து ஒரு முறை, எட்டவிருந்து ஒரு முறை, பின்னறையில் கேட்கிறபடி ஒரு முறை என்று பக்குவமாகப் பதிவு செய்துகொண்டு வந்து, அதையும் போட்டாள். காலை எழுந்ததும் மணி, சாப்பிடும்போது மணி, தூங்கும்போது மணி. மணியடித்தால் பொட்டலம் மிரளாமல் இருக்க வேண்டுமே என்ற அக்கறை.

ஊசிகள் முடிய ஒன்றே பாக்கி இருந்தபோது, பையில் போட்டுக் குட்டியை அக்காவுக்குக் காட்ட எடுத்துப்போனாள். அக்கா முன்னறைத் தரையைச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தாள்.

"இப்ப பாரு" என்று எதிரே நின்று சொல்லிவிட்டு, சத்தக்காரி பின்னறைக்குப் போய்ச் சுத்தியலால் பலகையில் ஓங்கி அடித்தாள். பொட்டலம் பதறவில்லை. தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படுத்தது.

அக்கா குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது கேட்காதவர்கள் பார்க்கிற பார்வை வேறு.

"இன்னொரு தடவை அடி" என்றாள். அடித்தாள். "சுத்தியல் பின்னாடி இருக்கு. இது ஏண்டி கதவு மூலையைப் பாக்குது?"

"எந்த மூலை?"

"கதவுக்கு இடது பக்கம். தரையில. அங்க ஒண்ணுமே இல்லையே?"

சத்தக்காரிக்குப் பஞ்சு அறையில் ஸ்பீக்கர் இருந்த மூலை ஞாபகம் வந்தது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கடைக் கதவு திறந்தது. தலைக்கவசத்தைக் கழற்றாத ஓர் ஆள், தன்னைவிட அகலமான ஒரு படத்தை முன்னால் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, எட்டி மணியைத் தட்டினார்.

மணிக்குப் பொட்டலம் காதைக்கூட அசைக்கவில்லை. அது கேட்டுக் கேட்டுப் புளித்த மணி. அடிக்கும், ஒன்றும் நடக்காது. ஆனால் தற்செயலாகத் தலையைத் திருப்பியபோது இரண்டு கால் முளைத்த படம் ஒன்று தன்னை நோக்கி நடந்து வருவதைப் பார்த்தது. படம் கீழே இறங்கியது. அதற்குப் பின்னால் முகமே இல்லாத ஒரு தலை. பொட்டலம் நின்ற இடத்திலேயே மூத்திரம் போயிற்று. பிறகு ஊளையா அலறலா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம். சத்தக்காரியின் அலமாரியில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. மேசைக்கு அடியில் புகுந்து சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. கவசக்காரர் திருதிருவென்று விழித்தார். அவர் கவசத்தைக் கழற்றிவிட்டு, "ஒண்ணும் பண்ணலம்மா நான்" என்று குனிந்ததும் அலறல் இன்னும் கூடிற்று.

மேசைக்கடியில் கையை விட்டால் குட்டிக்கு உடம்பெல்லாம் நடுக்கம். அக்கா துணி எடுத்துத் தரையைத் துடைத்தாள். அவள் திட்டியிருந்தால்கூடச் சத்தக்காரிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இடிக்கு அஞ்சாத குட்டி மனிதனைக் கண்டு அலறுகிறது. எதைச் சொல்ல வேண்டுமோ அந்த மணியைச் சட்டையே செய்யவில்லை. தன் கையாலேயே அக்காவின் கடையை மூடிவிட்டோம் என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டர் சிரித்து, சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டு, மறுபடி சிரித்தார்.

"பழக்குங்கன்னா காதுக்கு மட்டுமா? கண்ணு, மூக்கு, காலு எல்லாத்துக்கும்தான். இடிச் சத்தத்துக்குப் பழக்கினது நல்லதுதான், அது வீண் போகாது. ஆனா இதுக்குத் தெரிஞ்ச உலகத்துல இருக்கற ஒரே மனுஷி நீங்க. மத்ததெல்லாம் வெறும் பொட்டிக்குள்ளேர்ந்து வர்றது."

"இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா டாக்டர்?"

"இன்னும் காலம் இருக்கு. ரொம்ப இல்லை. தூக்கிட்டுப் போய் எதையும் எட்டவே உக்காந்து காட்டுங்க. பயந்தா கிட்ட இழுக்காதீங்க, தள்ளிப் போங்க. அதுவா எட்டிப் பாக்கணும்."

அக்கா கையில் காயம் இன்னும் முழுசாக ஆறாததால் பாதி நாள்தான் கடை திறந்தாள். மீதி நேரம் சகோதரிகள் இருவரும் பொட்டலத்தைத் துணிப்பையில் போட்டு, தலை மட்டும் வெளியே தெரிய, மடியில் வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பேருந்து ஏற அல்ல. வந்த பேருந்தையெல்லாம் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிற இரண்டு பெண்களையும் ஒரு பையையும் ஜனங்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே, அவர்கள் பார்ப்பதற்காகத்தானே குட்டியைக் கொண்டுவந்ததே!

முதல் மோட்டார் சைக்கிள் வந்தபோது நடந்ததைச் சத்தக்காரி பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறாள். தெரிந்த சத்தம் கேட்டதும் பொட்டலம் வழக்கம்போல மூலையைத் தேடியது. தெருவில் மூலைக்கு எங்கே போவது? பெஞ்சுக்கு அடியில் எட்டிப் பார்த்தது, அக்காவின் கைக்குள் பார்த்தது. அதற்குள் வண்டி கண்ணெதிரே கடந்துபோயிற்று. சத்தமும் வண்டியோடு போயிற்று. குட்டியின் தலை வண்டியோடேயே திரும்பி, தெருக்கோடி வரை போய், அங்கேயே நின்றது. அடுத்த வண்டி வந்தபோது பெஞ்சுக்கு அடியில் பார்க்கவில்லை. நேராகத் தெருவைப் பார்த்தது.

"கண்டுபிடிச்சிடுச்சு!" என்று கத்தினாள் சத்தக்காரி. பக்கத்தில் நின்றவர் தன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அதன்பிறகு ஒவ்வொன்றாய். அழுகிற குழந்தைக்கு வாய் இருக்கிறது என்று பொட்டலம் தெரிந்துகொண்டது. குழந்தையும் பைக்குள்ளிருந்து நாய் முளைத்திருப்பதைப் பார்த்து அழுகையை மறந்தது. விரிகிற குடைக்கு ரொம்பப் பயந்தது. அதைத் தூக்கிக்கொண்டு தெருவின் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து, குடைகள் விரிவதையும் மடங்குவதையும் காட்டிக் காட்டி, ஒரு மழை நாள் முழுக்க அதிலேயே போயிற்று. ஊன்றுகோல், தள்ளுவண்டி, தாடி, சீருடை, ஓடுகிற பிள்ளைகள், வேண்டாவெறுப்பாக நடக்கிற கிழட்டு நாய். பயம் தெளிந்து அது ஒன்றை உற்றுப் பார்த்துவிட்டு மடியில் தளர்ந்தால், அவித்த முட்டையில் ஒரு துணுக்கு.

ஆனால் அந்தப் பெஞ்சில் புதிதாய்க் கற்றது குட்டி மட்டும் அல்ல. பொட்டலத்தின் காது ஒரு பக்கம் விறைத்தால், அக்கா உடனே தங்கையின் முகத்தைப் பார்ப்பாள்.

"இப்ப என்ன?"

"பின்னாடி கடைக்காரர் ஷட்டரை இழுக்கறார்."

இரண்டு காதும் பின்னால் படிந்தால், "இப்ப?"

"யாரோ யாரையோ திட்டறாங்க. மாடியில."

"என்னன்னு திட்டறாங்க?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு?"

"சொல்லுடி. ரொம்ப நாளாச்சு, யாரும் திட்டிக் கேட்டு."

சொன்னாள். இருவரும் சிரித்த சிரிப்பில் குட்டி பையோடு குலுங்கிற்று. அக்காவோடு இத்தனை நேரம் முகத்துக்கு முகம் உட்கார்ந்து எத்தனை வருடமாயிற்று என்று சத்தக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. அக்காவின் காது மங்க மங்க, பார்க்கப் போவதை இவளும் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். சத்தத்திலேயே பிழைக்கிறவளுக்கு அந்தக் கடைக்குள் போகவே ஒரு பயம் இருந்தது. அதை வேலை மும்முரம் என்று சொல்லித் தப்பித்துவந்தாள்.

உலகம் ஒருவழியாகப் பழகிற்று. மணிதான் பழகவில்லை. சொல்லப்போனால் அளவுக்கு மீறிப் பழகிவிட்டதுதான் சிக்கல். முன்னறையில் சத்தக்காரி மணியைத் தட்டுவாள். சில்லு இல்லாமல் பெருக்கிய பின்னறையில் பொட்டலம் சுகமாகத் தூங்கும். "மணியடிச்சா என்ன நடக்கும்னு அதுக்குத் தெரியாதே. நீதானே ஒண்ணும் நடக்காதுன்னு சொல்லிக்குடுத்த" என்றாள் அக்கா. "மணிக்கும் ஒரு ஆளைக் காட்டணும்."

ஆள் தானாகவே வந்தார். தலைக்கவசக்காரர், சட்டம் போட்ட படத்தை வாங்க வந்தவர், அன்றைய அலறலை மறக்க முடியாமல் பொட்டலத்தை நலம் விசாரித்தார். விஷயத்தைக் கேட்டதும் படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். வெளியே போவார், உள்ளே வருவார், மணியைத் தட்டுவார், முட்டைத் துணுக்கை நீட்டுவார். கவசத்தோடு ஒரு தரம், கவசமில்லாமல் ஒரு தரம். அவ்வளவு உற்சாகமாக யாரும் அந்த மணியைத் தட்டியதில்லை. நாலைந்து நாள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வந்து தட்டிவிட்டுப் போனார்.

பலன் இருந்தது. மணியடித்தால் பொட்டலம் எங்கிருந்தாலும் நாலுகால் பாய்ச்சலில் ஓடிவந்தது, அக்காவைத் தாண்டி, நேராகக் கவசக்காரரிடம். வாலாட்டி, நக்கி, முட்டையைத் தின்றுவிட்டு, அவர் காலடியிலேயே படுத்துக்கொண்டது. பின்னறையில் அக்கா ஒன்றும் தெரியாமல் மரம் இழைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கு! கடைக்கு வர்றவங்களை உபசரிக்கறதுக்கா நாய் வாங்கினோம்?" என்று அக்கா முன்னால் போய்த் தலையில் அடித்துக்கொண்டாள் சத்தக்காரி.

அக்கா இழைப்புளியைக் கீழே வைத்தாள். "வர்றவர் முட்டையைக் கையில மூடி வெச்சுக்கட்டும். குட்டியைப் பாக்கவே கூடாது. நான் வந்து நின்னாத்தான் கையைத் திறக்கணும்."

கவசக்காரர் மணியைத் தட்டிவிட்டுச் சிலையாக நின்றார். பொட்டலம் வந்தது, மூடிய கையை முகர்ந்தது, நக்கியது, உட்கார்ந்து காட்டியது, ஒரு தரம் குரைத்தும் பார்த்தது. மனிதர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தக்காரி கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குட்டி அவளைப் பார்த்தது, கையைப் பார்த்தது, பின்னறை வாசலைப் பார்த்தது. அதன் தலைக்குள் என்ன ஓடிற்றோ, சட்டென்று எழுந்து பின்னறைக்கு ஓடி, அக்காவின் பாதத்தின்மேல் முன்னங்காலை வைத்தது. அக்கா இழைப்பதை நிறுத்திவிட்டு வந்தாள். கை திறந்தது.

அப்புறம் அதைத் தடுக்க ஆளில்லை. மணி கேட்டால் முதலில் முன்னறைக்கு ஓடி, வந்திருப்பது யார் என்று ஒரு பார்வை. பிறகு திரும்பி ஓடி அக்காவின் காலில் ஒரு தட்டு. முதலில் போய்ப் பார்க்க வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அது யார் பேச்சையும் கேட்கவில்லை. தரையைத் தினமும் காந்தம் வைத்து ஆணி பொறுக்கி, ஈரத்துணியால் சில்லு ஒற்றி எடுப்பது என்று அக்கா வழக்கப்படுத்திக்கொண்ட பிறகு, பொட்டலம் கடையிலேயே தங்கிவிட்டது. சத்தக்காரியின் பஞ்சு அறை வெறிச்சென்று ஆயிற்று.

மழை விட்டது. அம்மாவின் போன் வந்தது. "என்ன முடிவு பண்ணீங்க? நாய் நல்லாத்தான் இருக்கும், நான் இல்லேங்கல. மணி அடிக்காம ஒருத்தன் உள்ளே வந்தா? பாதி நாய், பாதி மனுஷியா எத்தனை நாள் ஓட்டறது? அவகிட்ட நீயே பக்குவமா சொல்லு."

சத்தக்காரி போனை வைத்தாள். அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. மணிக்குத்தானே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்? அதே கேள்வி மனசை அரிக்க, மதியம் கடைக்குப் போனாள். வீட்டு ஆள்தானே என்று மணியைத் தட்டவில்லை. பின்னறை வாசலில் போய் நின்றாள்.

அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு பெரிய கண்ணாடி ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தாள். வெட்டுக்கோடு பாதி வந்திருந்தது. தையல் போட்ட கை கண்ணாடியின்மேல் இருந்தது. இந்த நேரத்தில் கிட்டே போகக் கூடாது. கோடு முடிந்த பிறகு சுற்றிக்கொண்டு எதிரே போய் நிற்க வேண்டும். நின்றாள். குனிந்த கழுத்தையும், காதோரம் நரைக்கத் தொடங்கியிருந்த முடியையும் பார்த்துக்கொண்டு நின்றபோது, இவளிடம் போய்க் கடையை மூடு என்று எப்படிச் சொல்வது என்று தோன்றிற்று.

"அக்கா" என்றாள். கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. தானாக வந்துவிட்டது.

பலகைக்கு அடியில் படுத்திருந்த பொட்டலம் தலையைத் தூக்கியது. கதவு மூலையைப் பார்க்கவில்லை. சத்தக்காரியின் வாயைப் பார்த்தது. எழுந்து சோம்பல் முறித்தது. பிறகு அவளிடம் வராமல் திரும்பிப் போய், அக்காவின் பாதத்தின்மேல் முன்னங்காலை வைத்தது.

அக்கா இந்தத் தடவை திடுக்கிடவில்லை. கோட்டைக் கடைசிவரை இழுத்து முடித்தாள். வெட்டுக்கருவியைக் கீழே வைத்தாள். நிதானமாகத் திரும்பினாள்.

"கூப்பிட்டியா?" என்றாள்.

சத்தக்காரி தலையை ஆட்டினாள். எதற்குக் கூப்பிட்டாய் என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். இவள் அம்மாவுக்குப் போன் போட்டு, அக்கா வாயசைவில் படிக்கிறபடி எதிரே நின்று, "மணி அடிக்காமலேயே சொல்லிடுச்சும்மா" என்றாள்.